பாவித்த ஸ்பீட் போட்: பின்பலகையைத் தட்டிப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்

பாவித்த கார் ஒன்றை வாங்கப் போகும் எம்மவர் எவ்வளவு விபரமாகப் போகிறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜப்பான் ஏல அறிக்கையைக் கேட்கிறார். மைலேஜைத் திருப்பியிருக்கிறார்களா என்று தேடுகிறார். கதவு ரப்பரைக் கிளப்பி, உள்ளே வேறு நிறப் பெயின்ட் தெரிகிறதா என்று பார்க்கிறார். தனக்கு விளங்காவிட்டால் பஞ்சிகாவத்தையில் பழகிய ஒருவரைக் கையோடு கூட்டிப் போகிறார். அதே மனிதர் ஸ்பீட் போட் வாங்கப் போனால், எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று கேட்கிறார். சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

படகு வாங்க நினைப்பவர்களின் தொகை இப்போது கூடியிருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை என்று அடுத்தடுத்து அடிவாங்கிய சுற்றுலாத் தொழில் மெல்ல எழும்பி, 2024இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. கல்பிட்டியில் டொல்பின் பார்க்க, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போக, பெந்தோட்டை ஆற்றில் பனானா போட் இழுக்க எல்லாவற்றுக்கும் படகு தேவை. கரையோரத்தில் கடையோ விடுதியோ வைத்திருப்பவருக்கு நாமும் ஒன்று போட்டால் என்ன என்ற எண்ணம் வருவது நியாயமே. புதியதன் விலை எட்டாது. எனவே மூன்று பேர் கூட்டுச் சேருகிறார்கள். ஒருவர் கடை முதலிலிருந்து எடுக்கிறார், ஒருவர் வீட்டு நகையை விற்கிறார், ஒருவர் வெளிநாட்டில் உழைத்த பணத்தைப் போடுகிறார். இப்படிச் சேர்ந்த பணம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படகு ஓட்டுபவன் அல்லன். ஆனால் எனது ஹாட்வெயார் கடையில் ரெசின், பைபர் பாய், ஜெல்கோட், புட்டி எல்லாம் விற்கிறேன். யார் எதை எப்போது வாங்குகிறார் என்பது கல்லாவில் இருப்பவனுக்குத் தெரியும். படகைத் திருத்த வருபவர் ரெசினையும் பாயையும் கிலோக் கணக்கில் வாங்குவார். படகை விற்க நினைப்பவர் ஒரு டின் புட்டியும் கொஞ்சம் வெள்ளை ஜெல்கோட்டும் வாங்குவார். இரண்டாவது ஆள் வந்து போய் இரண்டு கிழமையில் அந்தப் படகு வேறொருவரின் முற்றத்தில் நிற்கும்.

எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவித்த வேகப் படகில் பணம் தொலைவது எஞ்சினில் அல்ல, உடம்பில். எஞ்சின் பழுதானால் கழற்றி வேறொன்று மாட்டலாம். படகின் உடம்பு உள்ளே ஊறிப் போயிருந்தால் அதற்கு மாட்டும் எஞ்சினும் வீண். எம்மவர் பார்ப்பதோ நேர்மாறாக, எஞ்சினை முதலில், உடம்பைக் கடைசியில்.

பைபர் படகு என்றால் முழுவதும் பைபர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எஞ்சின் தொங்கும் பின்பலகையை, ட்ரான்ஸம் என்பார்களே அதை, பழைய படகுகளில் பெரும்பாலும் பிளைவூட்டில் செய்து மேலால் பைபர் போர்த்தியிருப்பார்கள். அடித்தளத்தில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் சட்டங்களும் பல படகுகளில் பலகைதான். எஞ்சினை மாட்டத் துளைத்த துளை, ஏணிக்கு அடித்த ஸ்குரூ, மீன் தேடும் கருவிக்குப் போட்ட ஆணி, இப்படி ஒவ்வொரு துளையும் சீல் செய்யப்படாவிட்டால் தண்ணீருக்கு வாசல். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. பலகை வருடக்கணக்கில் ஊறி, கடைசியில் நனைந்த பிஸ்கட்டைப் போலாகிவிடும். வெளியே ஜெல்கோட் பளபளவென்று இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பின்பலகை முழுவதையும் ஓர் அங்குலம் விடாமல் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் கணீர் என்று கேட்கும். ஊறிய இடத்தின் சத்தம் மந்தமாக இருக்கும். எஞ்சின் போல்ட்டைச் சுற்றியும், தண்ணீர் வடியும் துளையைச் சுற்றியும், அடிமூலைகளிலும் இரண்டு தடவை தட்டுங்கள். பின்னர் எஞ்சினைப் பாதி தூக்கி வைத்து, அதன் காலைப் பிடித்து உங்கள் பாரத்தைக் கொடுத்து மேலும் கீழும் அமத்துங்கள். பின்பலகை அசைந்தாலோ, அது தரையோடு சேரும் மூலையில் வெடிப்பு வாய் திறந்து மூடினாலோ, விற்பவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பின்பலகையை மாற்றுவதென்றால் எஞ்சினை இறக்கி, மேல்தட்டை வெட்டி, பழைய பலகையைச் சுரண்டி எடுத்து, புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலையைச் சரியாகச் செய்யும் பாஸ்மார் எல்லாக் கரையிலும் இல்லை.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதை நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது. பின்பலகையைத் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல்தான் நினைவுக்கு வரும். அந்த வியாபாரியாவது மழையில் நனைந்தது என்று காரணம் சொன்னார். எமது காலத்தில் புட்டி வைத்துத் தேய்த்து, அதற்கு மேல் கோடு போட்ட ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள்.

அடுத்தது தரைக்குக் கீழே அடைத்திருக்கும் நுரை. படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காகப் போடுவது. அதுவும் காலப்போக்கில் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வெளியே எதுவும் தெரியாது. படகின் பாரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். வாங்கியவர் எஞ்சின் இழுக்கவில்லை என்று மெக்கானிக்கைத் திட்டுவார். இதற்கு எனக்குத் தெரிந்த மலிவான பரிசோதனை, படகை லொறியில் ஏற்றி, வழியிலுள்ள லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது. லொறியின் வெற்று நிறையைக் கழித்தால் படகின் நிறை வரும். அதை, கட்டிய கம்பனி சொல்லும் நிறையோடும் எஞ்சினின் நிறையோடும் ஒப்பிடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ வித்தியாசம் இருந்தால் நீங்கள் வாங்கப் போவதில் பாதி கடல் தண்ணீர். சீனியையும் பருப்பையும் நிறுத்து வாங்கும் நாம் படகை மட்டும் ஏன் கண்மட்டத்தில் வாங்க வேண்டும்?

எமது கரையோரத்தில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, படகு எந்த வருடம் கட்டப்பட்டது என்பது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் ஆயிரக்கணக்கான பைபர் படகுகள் அவசரமாகக் கட்டப்பட்டன. நன்கொடைப் பணம் வந்து குவிந்தது, புதிது புதிதாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. அந்தப் படகுகள் பலவற்றின் தரம் போதாது என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே அப்போது கவலை தெரிவித்தது. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து உடம்பொன்றுக்குப் புதிய பெயின்ட் அடித்து, சீட் வைத்து, கண்ணாடி பொருத்தி, பெரிய எஞ்சின் மாட்டி ஸ்பீட் போட் என்று விற்க வந்தால், மீன்பிடிக்கு 25 குதிரைவலுவை நம்பிக் கட்டிய உடம்பு 75ஐத் தாங்குமா என்று யோசியுங்கள். ஒவ்வொரு உடம்புக்கும் அதைக் கட்டியவர் வைத்த எஞ்சின் எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் முதலில் விட்டுக்கொடுப்பது பின்பலகைதான்.

குதிரைவலு மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினை இரட்டித்தால் வேகம் இரட்டிக்கும் என்று நினைக்கிறோம். நீருக்கு மேல் எழும்பி ஓடும் படகின் வேகம், குதிரைவலுவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜோர்ஜ் குரோச் தந்த கணக்கு இது. 40 குதிரைவலுவில் மணிக்கு 20 கடல்மைல் ஓடும் படகுக்கு 80 மாட்டினால் 40 கடல்மைல் ஓடாது. 28 அளவில் நிற்கும். பெரிய எஞ்சினின் பாரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். பெற்றோலோ ஏறக்குறைய இரட்டிக்கும். முழுவேகத்தில் 100 குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு 38 லீற்றர் அளவு என்பது பொதுக்கணக்கு. 115 என்றால் 43 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு 13,000 ரூபா வாலால் போகிறது. டொல்பின் பார்க்க வந்த வெள்ளைக்காரர் 35 கடல்மைல் வேகத்தைக் கேட்கவில்லை. டொல்பினுக்குப் பக்கத்தில் அந்த வேகத்தில் ஓட்டவும் கூடாது. பெரிய எஞ்சின் உண்மையில் தேவைப்படுவது ஸ்கீ இழுப்பவருக்கும், ஆழ்கடலில் தூண்டில் போட ஆட்களைக் கொண்டு செல்பவருக்கும், தூரத்து இடங்களுக்குப் பயணிகளை ஏற்றுபவருக்கும்தான்.

உடம்பின் வடிவமும் அப்படியே. கூரான V வடிவ அடித்தளம் அலையை வெட்டிக்கொண்டு மெதுவாக இறங்கும். ரே ஹண்ட் வரைந்த அப்படியான உடம்போடு ‘மொப்பி’ என்ற படகு 1960இல் மயாமி–நஸாவு பந்தயத்தை வென்ற பின்னரே உலகம் அதன் பக்கம் திரும்பியது. ஆனால் கூர் கூடக் கூட எழும்புவதற்கு வலு கூடுதலாக வேண்டும், நிறுத்தி வைத்தால் இருபக்கமும் ஆடும். பிள்ளைகுட்டிகளோடு வரும் குடும்பத்தை ஏற்றி இறக்குபவருக்கு அது தொல்லை. கல்பிட்டிக் களப்புக்கும் பெந்தோட்டை ஆற்றுக்கும் நடுத்தரமான V போதும்.

இப்போது எஞ்சின். மூடியைக் கழற்றியதும் புதுப் பெயின்ட் மணந்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள். போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் கொம்பிரஷனையும் அளந்து எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதை விட அவை ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் உள்ளே கோளாறு. கீழே கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே நுழைந்திருக்கிறது. இவ்வளவுக்கும் அரைமணி நேரம்.

முக்கியமாக, நீங்கள் போகும் முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கையை வைத்துப் பாருங்கள். சூடான எஞ்சின் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆவது பெரிய விஷயமல்ல. காலையில் குளிர்ந்து கிடந்தது எப்படி எழும்புகிறது என்பதே கேள்வி. விற்பவரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போவது என் பழக்கம்.

குறைந்த நேரம் ஓடிய எஞ்சின் என்ற பேச்சிலும் மயங்காதீர்கள். ரிசோர்ட்டில் பயணிகளை ஏற்றி இறக்கி நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் ஓடிய படகு வருடத்துக்கு 1,000 மணித்தியாலத்தைத் தொட்டுவிடும். அது தேய்ந்த எஞ்சின்தான், ஆனால் தினமும் நல்ல தண்ணீரால் கழுவப்பட்டு, நேரத்துக்கு எண்ணெய் மாற்றப்பட்டிருக்கலாம். மறுபக்கம், 2019க்குப் பிறகு மூன்று நான்கு வருடம் தென்னை மரத்தடியில் கிடந்த படகுகள் பல இப்போது சந்தைக்கு வருகின்றன. மீட்டரில் நேரம் குறைவு. உள்ளே உப்புப் படிந்து தண்ணீர் வழிகள் அடைத்து, பழைய பெற்றோல் பிசினாகிக் கிடக்கும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் பராமரிப்புப் புத்தகத்தோடு வரும் ஓடிய எஞ்சினையே எடுப்பேன். புதிய ரக எஞ்சின்களில் ஓடிய நேரமும், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் என்பதும் கம்பியூட்டரில் பதிவாகியிருக்கும். ஏஜென்டிடம் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா என்று எப்போதும் வாக்குவாதம். நான்கு ஸ்ட்ரோக் பெற்றோலைக் கணிசமாக மிச்சம் பிடிக்கும், சத்தமும் புகையும் குறைவு, வெளிநாட்டவர் விரும்புவார். ஆனால் கம்பியூட்டர் சம்பந்தப்பட்ட கோளாறு வந்தால் கரையிலுள்ள மெக்கானிக் கையை விரிப்பார். யமஹா எண்டியூரோ 40 போன்ற இரண்டு ஸ்ட்ரோக்கை எந்த மீனவக் கிராமத்திலும் கழற்றிப் பூட்ட ஆளும் சாமானும் உண்டு. ஏஜென்டின் வேர்க்ஷொப் எட்டும் தூரத்தில் இல்லாதவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். மண்ணெண்ணெயில் ஓட்டி மிச்சம் பிடிக்கலாம் என்ற பழைய கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதோடு அந்தக் காலம் முடிந்தது.

உள்ளே கார் எஞ்சின் போன்ற எஞ்சினும் பின்னால் காலும் உள்ள ஆடம்பரப் படகுகள் சில நேரம் நம்ப முடியாத விலைக்கு வரும். தோல் சீட், பாட்டுப் பெட்டி, இரண்டு பேர் படுக்க அறை. தொட வேண்டாம். உப்புநீரில் அவற்றின் புகைக்குழாய்ப் பாகங்கள் உள்ளே அரித்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காலுக்குள்ள ரப்பர் உறை கிழிந்தால் படகே தாழும். வசதியுள்ளவரின் விளையாட்டுப் பொருள் அது, தொழிலுக்கு உதவாது.

எல்லாம் சரியென்றால் கடலில் ஓட்டிப் பாருங்கள். நீங்களும் விற்பவரும் மட்டும் போகாதீர்கள். எத்தனை பேரை ஏற்றித் தொழில் செய்யப் போகிறீர்களோ அத்தனை பேரை, உயிர்காப்பு அங்கியோடு, ஏற்றுங்கள். தாங்கியை நிரப்புங்கள். முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுக்குப் போகிறது என்று பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு 5,000 முதல் 6,000 வரை என்று கம்பனி எல்லை போட்டிருக்கும். அதற்கு வராவிட்டால் ஒன்றில் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் களைத்துவிட்டது, அல்லது நான் முன்னர் சொன்ன நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. புரொப்பெல்லர் என்றால் செலவு சிறிது. மற்ற இரண்டும் அப்படியல்ல.

ஆட்களை ஏற்றிப் பாருங்கள் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைச் சிறார்கள் உட்படப் பலர் உயிரிழந்ததை எமது சமூகம் மறந்திருக்க முடியாது. அது வேகப் படகு அல்ல, அங்கே நடந்தது வேறு விதம். ஆனாலும் காசு வாங்கி ஆளை ஏற்றும் எவருக்கும் அந்த நாள் ஒரு கணக்கு. ஊறிய பின்பலகை களப்பில் நின்றுகொண்டிருக்கும்போது கழன்று விழாது. பத்துப் பேரோடு அலையில் அடிபடும்போதுதான் கழலும்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் தகட்டிலுள்ள இலக்கமும் பதிவிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டிய தகடு என்றால் திருட்டு எஞ்சினாக இருக்கலாம், பேசவே வேண்டாம். கடற்றொழில் திணைக்களத்தில் மீன்பிடிப் படகாகப் பதிந்ததை வாங்கிவிட்டு, அதிலே உல்லாசப் பயணிகளை ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம். அதற்குரிய அனுமதி வேறு. திமிங்கிலம், டொல்பின் காட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் உண்டு. பழைய உரிமையாளரிடமிருந்த அனுமதி படகோடு சேர்ந்து தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்ற வாய்ப்பேச்சை நம்பாமல், பணம் கொடுக்குமுன் காரியாலயத்திற்கே போய்க் கேளுங்கள்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. “பார்த்துத்தானே வாங்கினீர்கள், இனி எனக்குப் பொறுப்பில்லை” என்ற வசனம் எமது சந்தையில் பழகிப் போய்விட்டது. தெரிந்த குறையை மறைத்துவிட்டு இந்த வசனத்தைச் சொன்னால் பொறுப்பு நீங்காது. விற்குமுன் இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் வாங்கியவருக்குக் கொடுத்திருக்கிறது. கண்ட உடனே சொல்ல வேண்டும், தாமதிக்கக் கூடாது. பேசி முடித்த பின்னும் யோசிப்பதற்கு மூன்று நாள் வரை நிபந்தனை வைக்கவும் ஷாஃபிஈ மத்ஹபில் இடமிருக்கிறது. காணி விற்பனையில் அங்குலத்துக்கு அங்குலம் எழுதும் நாம், படகு விற்பனையில் ஒரு முத்திரைக் கடதாசியில் இரண்டு வரி எழுதி முடிக்கிறோம். என்னிடம் கேட்டால், விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளைத் தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும், மூன்று நாள் நிபந்தனையையும் அதிலேயே போட வேண்டும். பின்பலகையில் ஈரம் உண்டு, விலையை அதற்கேற்பக் குறைத்துள்ளேன் என்று எழுதினால் வாங்குபவர் ஓடிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். திருத்தத் தெரிந்தவர் அந்த விலைக்கு வாங்குவார். பாஸ்மாருக்கும் வேலை கிடைக்கும், எனது ரெசினும் விற்கும்.

எப்போது வாங்குவது என்று கேட்டால், மேற்கிலும் தெற்கிலும் சீசன் ஏப்ரலோடு அடங்கும், கிழக்கில் செப்டெம்பர், ஒக்டோபரோடு. அந்த நேரம் படகைக் கரையில் ஏற்றி ஆறு மாதம் காவல் காப்பதை விட விற்றுவிடலாம் என்று பலர் நினைப்பார்கள், விலையில் இறங்குவார்கள். ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது என்று காரணம் சொல்வார்கள். அப்படியென்றால் படகைக் களப்பிலோ ஆற்றிலோ இறக்கிப் பார்க்க ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். அதற்கும் முடியாது என்றால் மிச்சப் பணத்தை ஓட்டிப் பார்த்த பின்னர் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். படகுக்கான காப்புறுதியையும் தகாஃபுலையும் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் பேசுவோம்.